சுமந்த கை சவரி மாமாவுடையது

மகனுக்கு,

நீ ஐதராபாத் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் போனில் பேசுகிறாய். சாம்பாரில் புளி தூக்கல், அறையில் கூட இருக்கும் பையன் நல்லவன், அலுவலகத்தில் உன் மேசைக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் என்றெல்லாம் சொல்கிறாய். நானும் சரி சரி என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சென்ட்ரலில் உன்னை ரயிலேற்றிய அன்று நீ சொன்ன ஒரு விஷயத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. நீ நடுவில் ஏதாவது கேட்டால் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

ரயில் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தேர்தல் பிரச்சாரம் செய்துகொடுக்கும் அந்தக் கம்பெனியில் உன்னை வேலைக்கு எடுத்த கதையைச் சொன்னாய். எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு தலைவரை ஜனங்கள் மனதில் நிற்கவைப்பது எப்படி என்று கேட்டார்களாம். நீ சடையங்குப்பம் வெள்ளத்தைச் சொன்னாயாம். நம் பகுதிக் கட்சித் தலைவர் தண்ணீரில் இறங்கி, பிள்ளை பெற்று ஒன்பதே நாளான ஒரு பெண்ணை முதுகில் சுமந்து வந்ததைச் சொன்னாயாம். "அப்படியே உக்காந்துட்டாங்கப்பா. எல்லாம் உங்கிட்ட கத்துக்கினது தான்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உன் பையில் தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பிளாட்பாரத்தில் டீ விற்பவரைப் பார்த்தேன். வண்டி நகர்ந்து, பேசின் பிரிட்ஜ் பக்கம் வளைந்து மறையும்வரை இரண்டு பேரும் நின்றோம். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். ராயபுரத்தில் இறங்கும்போது அம்மா கேட்டாள்: "அவனும் அதையே வித்துட்டானா?"

முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சடையங்குப்பத்தில் அந்தப் பெண்ணைச் சுமந்தது தலைவர் இல்லை. உன் சவரி மாமா. என் கண்ணெதிரில் சுமந்தார். அதை எடுத்துத் தலைவருக்குக் கொடுத்தவன் நான்.

நீ என்னை மேடையில் பார்த்திருக்கிறாய், ஆனால் நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று உனக்குத் தெரியாது. துறைமுகத்தில் எனக்குக் கிரேனுக்குக் கைகாட்டும் வேலை. கப்பலின் அடிவயிற்றில் நடப்பது மேலே கிரேன் ஓட்டுபவருக்குத் தெரியாது. நான் விளிம்பில் நின்று தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் சொல்வேன். எட்டு மணிநேரம் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. சின்ன வயதில் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பைபிள் வாசகம் வாசிப்பேன். என் குரல் நன்றாக இருக்கிறது என்று அப்போதே சொல்வார்கள். ஒருமுறை தொழிற்சங்கக் கூட்டத்தில் யாரோ வராமல்போக என்னைப் பேசச் சொன்னார்கள். அங்கிருந்து கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கொடுத்த வேலை, தலைவர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் உட்காரவைப்பது. ஆறு மணிக் கூட்டத்துக்கு அவர் எட்டரைக்கு வருவார். அந்த இரண்டரை மணிநேரம் என்னுடையது. எங்கே குரலை இறக்கினால் கடைசி வரிசையில் இருப்பவனும் முன்னால் சாய்வான், எங்கே நிறுத்தினால் கைதட்டுவார்கள், கைதட்ட யாரை எங்கே உட்காரவைக்கவேண்டும், எல்லாம் கற்றுக்கொண்டேன். பகலெல்லாம் ஊமையாக நின்றவனுக்கு சாயங்காலம் ஆயிரம் பேர் வாய் பார்த்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். நான் கெட்டுப்போனது அங்கேதான்.

நீ நாலாம் வகுப்பு படித்த வருஷம் அந்தப் பெருமழை வந்தது. ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து மணலிப் பக்கம் பள்ளத்தில் இருந்த ஊர்களை எல்லாம் மூழ்கடித்தது. சடையங்குப்பத்தில் ஜனங்கள் மொட்டை மாடியில் நிற்கிறார்கள் என்று செய்தி வந்ததும், காசிமேட்டில் சவரி மாமா யாரையும் கேட்காமல் தன் ஃபைபர் படகை ஒரு மீன் லாரியில் ஏற்றினார். அந்தப் படகு வாங்கி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துறைமுகத்தில் மழைக்கு வேலை நிறுத்தி வைத்திருந்ததால் நான் வீட்டில் இருந்தேன். "மாப்ளே, கயிறு புடிக்க ஒரு ஆள் வேணும், வா" என்று கூப்பிட்டார். போனேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. நான் படகில் உட்கார்ந்து கயிறுதான் பிடித்தேன்.

காலையிலிருந்து ஆட்களை ஏற்றி மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிக்கொண்டே இருந்தோம். மத்தியானம் ஒரு சந்துக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. சந்து குறுகல், படகு நுழையாது. மாமா சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுக் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். கழுத்துவரை தண்ணீர். உள்ளே ஓட்டு வீட்டின் பரணில் மல்லிகா என்ற பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிரசவமாகி ஒன்பது நாள். காய்ச்சல் வேறு. புருஷன் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, அத்திப்பட்டிலிருந்து வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். மாமா முதலில் குழந்தையை ஒரு அன்னக்கூடையில் துணி சுற்றிப் படுக்கவைத்து, தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். திரும்பப் போய் அந்தப் பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். சந்து முனையில் தரை கொஞ்சம் மேடு, தண்ணீர் மார்பளவுக்கு இறங்கியது. அப்போது நான் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். தலையைக் குனிந்துகொண்டு வருகிறார், முகம் தெரியவில்லை. இடது கை முன்னால் கயிற்றைப் பிடித்திருக்கிறது. அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான். மீதி வருஷங்களுக்கு முன் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் போனது, உனக்குத் தெரியும்.

கடைசி நடையில் தண்ணீருக்கு அடியில் இருந்த ஒரு காம்பவுண்டுச் சுவரின் கம்பிகள் படகின் அடியைக் கிழித்துவிட்டன. எப்படியோ ஆட்களைக் கரை சேர்த்துவிட்டோம். படகை லாரியில் ஏற்றும்போது மாமா கிழிந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். தலைவர் மூன்றாம் நாள் வந்தார். தண்ணீர் வடிந்த ரோடு வரை காரில் வந்து, பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, பத்து நிமிடத்தில் போய்விட்டார். அவர் வேட்டி நனையவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திருவொற்றியூரில் கூட்டம். வழக்கம்போல் தலைவர் வரவில்லை. தூறல் போட ஆரம்பித்தது, ஜனங்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். எனக்கு வேறு சரக்கு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வெள்ளத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பார்த்ததைத்தான் சொன்னேன். சந்து, குழந்தையின் அழுகை, அன்னக்கூடை. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தூறலில் நனைந்துகொண்டே நின்றார்கள். "முதுகில் ஒரு தாயைச் சுமந்து, மரணத்தை மிதித்துக்கொண்டு வந்தானே ஒரு மனிதன், அவன் யார் தெரியுமா?" என்று கேட்டு நிறுத்தினேன். மகனே, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்கும்போது சவரி மச்சான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் காசிமேட்டுச் சவரி என்று சொன்னால் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்? யார் கைதட்டுவார்கள்? கூட்டத்தின் ஓரத்தில் தலைவரின் கார் வந்து நிற்பது தெரிந்தது. என் வாய் அவர் பெயரைச் சொன்னது. அன்றைக்கு எழுந்த சத்தம் போல் ஒரு சத்தத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்குள்தான் அவர் மேடை ஏறினார்.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பார் என்று பயந்தேன். கூட்டம் முடிந்து கூப்பிட்டார். தோளில் கை போட்டு, "நல்லா இருந்துச்சு. அந்த அன்னக்கூடை எடம் ரொம்ப நல்லா இருந்துச்சு. கொஞ்சம் சுருக்கிக்கங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் அவரே அதைச் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். இருந்தும் அந்தக் கண்ணீர் நிஜமாக இருந்தது. இன்றுவரை என்னைப் பயமுறுத்துவது அதுதான். நடிக்கிறவனைக் கண்டுபிடித்துவிடலாம். தன் பொய்யைக் கேட்டுத் தானே உருகுகிறவனை என்ன செய்வது?

பிறகு மாவட்டத்தில் பிரச்சாரம் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம், இதற்குப் படம் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். என் போனில் இருந்ததை நான்தான் எடுத்துக் காட்டினேன். யாரும் பிடுங்கவில்லை. முகம் தெரியாதது அவருக்கு வசதியாகப் போயிற்று. ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் தலைவரின் தலையை அந்த உடம்பில் பொருத்தினார்கள். ராயபுரம் மேம்பாலத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் அந்தப் பேனர் நின்றது. கீழே மூலையில் சின்ன எழுத்தில் என் பெயரும் இருந்தது. பத்து விரலும் உள்ள தலைவருக்கு அதில் ஒன்பதரை விரல். அத்தனை ஆயிரம் பேர் அந்த வழியாகப் போனார்கள், ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

கவனித்தவர் ஒருவர்தான். ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்தார். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"மாப்ளே, பாலத்தாண்ட ஒரு பேனர் கீதே, அதுல கீற கை என் கை மாதிரி கீதே?"

நான் சிரித்தேன். கட்சிக்காரர்கள் ஏதோ செய்துவிட்டார்கள், நான் கேட்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவர் வந்த விஷயம் பேனர் இல்லை. படகு கிழிந்ததற்கு நிவாரணம் கேட்டு ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார். வெள்ளத்தில் ஆள் மீட்கப் போனபோது கிழிந்தது என்று எழுதியிருந்தார். அங்கே இருந்தவர் சிரித்துவிட்டாராம். சடையங்குப்பத்தில் ஆளைத் தூக்கியது யார் என்று ஊருக்கே தெரியும், இப்போது ஆளாளுக்கு நான்தான் தூக்கினேன் என்று வருகிறீர்கள் என்றாராம். சாட்சி இருக்கிறதா என்று கேட்டாராம்.

"நீ கூட இருந்தல்ல மாப்ளே. ஒரு வாட்டி வந்து சொல்லிட்டுப் போ. பேனரு எப்டினா இருந்துட்டுப் போவட்டும். போட்டு இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?"

அன்று சாயங்காலம் மணலியில் கூட்டம். மல்லிகாவை மேடைக்கு அழைத்து வந்து அவள் குழந்தைக்குத் தலைவர் கையால் பெயர் வைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். தொகுத்துப் பேசவேண்டியவன் நான். எனக்குக் கட்சியில் ஒரு பொறுப்பு கொடுப்பதாகவும் பேச்சு இருந்தது. "நாளைக்குப் போலாம் மச்சான்" என்றேன். உள்ளே அடுப்படியில் உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர் வந்து நின்றபோது, ஷிப்டு இருக்கிறது என்றேன். மூன்றாம் நாள் அவர் வரவில்லை. அதன்பிறகு அதைப் பற்றி எப்போதும் கேட்கவும் இல்லை. தன் படகில் போன மனிதர் பத்து வருஷத்துக்கு மேல் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். இப்போது காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் காவலுக்கு இருக்கிறார். உனக்கு இத்தனை நாள் நாங்கள் சொன்னது, மாமாவுக்கு முதுகுவலி, சொந்தப் படகு வைத்துக்கொள்ள முடியவில்லை என்று. முதுகுவலி உண்மைதான்.

அந்த மணலிக் கூட்டத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மல்லிகா குழந்தையோடு மேடை ஏறினாள். ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்து மிரண்டுபோயிருந்தாள். மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்து, "உங்களைச் சுமந்து வந்தது இவர்தானே அம்மா?" என்று கேட்டேன். கேட்டவன் நான். அந்தச் சந்தில் அவள் குழந்தையைக் கையில் வாங்கியவன். அவள் என்னைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள். தலைவர் குழந்தைக்கு வெற்றிச்செல்வி என்று பெயர் வைத்தார். எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் அம்மா வாங்கவில்லை. அதற்கு முன்னால் என் கூட்டம் பக்கத்தில் நடந்தால் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவாள். அன்றைக்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

இதெல்லாம்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது நீ ஆறாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்குப் பேர் கொடுத்தது. 'நான் விரும்பும் தலைவர்' என்று தலைப்பு. நீ என்னிடம் வந்து எழுதித் தரச் சொன்னாய். வேறு யாரையாவது எழுதியிருக்கலாம். எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் எது எடுபடும் என்று எனக்குத் தெரியும். அதையே எழுதிக்கொடுத்தேன். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலை இறக்கவேண்டும் என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். போட்டி நடந்த அன்று சவரி மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். தங்கச்சி மகன் பேசுகிறான் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார், என்ன பேசப்போகிறான் என்று தெரியாது. நீ பேசினாய். நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ முடித்ததும் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு நீ அவரிடம் ஓடினாய். அவர் உன்னைத் தூக்கிக்கொண்டார். அவர் உன்னிடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது.

"சூப்பரா பேசுன நைனா. ஒண்ணுதான், தண்ணி இடுப்பு வரைக்கும் இல்ல. கழுத்து வரைக்கும் இருந்துச்சு."

உனக்கு எப்படித் தெரியும் மாமா என்று நீ கேட்டாய். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. "அங்க இருந்தவங்க சொன்னாங்க" என்றார்.

அன்றே நான் சொல்லியிருக்கவேண்டும். உன் கையில் கோப்பை இருந்தது. இன்னொரு நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ வளர்ந்தாய், அந்தக் கோப்பை அலமாரியில் ஏறியது, நீ எனக்கு ரசிகனானாய். தலைவர் ஒரு தேர்தலுக்கு முன்னால் வேறு கட்சிக்குப் போனார். அங்கே பேச அவர்களுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்குச் சொன்ன பொறுப்பு வரவே இல்லை. நான் மேடையை விட்டது மனம் திருந்தி என்று நீ நினைத்தால் அதுவும் பொய். என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். இப்போது ஜனங்களை மைதானத்தில் உட்காரவைக்கத் தேவையில்லை. அவர்கள் உள்ளங்கையில் இருக்கும் போனுக்கே தலைவர் போய்விடுகிறார். எங்கள் வேலையைத்தான் நீங்கள் கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செய்கிறீர்கள். எங்களுக்கு ஒரு கூட்டத்தை ஏமாற்ற ஒரு சாயங்காலம் பிடித்தது.

நீ போன மறுநாள் நான் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். மாமா கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் பேசுவதற்காகத் தயாரித்துக்கொண்டு போன எதுவும் வாயில் வரவில்லை. தப்புப் பண்ணிட்டேன் மச்சான் என்று மட்டும் சொன்னேன். எந்தத் தப்பு என்று அவர் கேட்கவில்லை. "புள்ளைக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது, சொல்லப்போகிறேன் என்றேன்.

"வாணாம் மாப்ளே. அவன் உன்ன பெருசா நெனச்சிகினு கீறான். இப்பத்தான் போயிகீறான், இப்பப் போயி கலைக்காத."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருப்பேன். என் மானத்தை அவர் காப்பாற்றப் பார்க்கிறார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரியுமா, அன்றைக்கு அன்னக்கூடையில் ரொம்ப ஜில்லென்று இருந்தது, பிறகு என்ன ஆயிற்றோ என்று எப்போதாவது நினைத்துக்கொள்வாராம். இத்தனை வருஷத்தில் மணலி மேடையில் அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்ததைக்கூட அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சடையங்குப்பம் போனேன். விசாரித்து மல்லிகா வீட்டைக் கண்டுபிடித்தேன். இப்போது தளம் போட்ட வீடு. மல்லிகாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வெள்ளத்தின்போது வந்தவன் என்றதும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பெண் வெற்றிச்செல்வி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாளாம், கபடி விளையாடப் போயிருந்தாள். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பேனரின் சின்னப் பிரதி, கண்ணாடி போட்டு, பூ வைத்து. அவளிடம் சொன்னேன். உன்னைத் தூக்கி வந்தது இவர் இல்லை அம்மா, என் மச்சான், பேர் சவரி, காசிமேட்டில் மீன்பிடிப்பவர், நான் படகில் இருந்தேன், உன் குழந்தையைக் கையில் வாங்கினேன் என்றேன். அந்தப் படத்தில் கையைப் பார், சுண்டுவிரலைப் பார் என்றேன்.

அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"இன்னாய்யா பேசுற? அவரு மூஞ்ச நான் பாத்தேன். முதுவுல சாஞ்சிகினே வந்தேன், 'பயப்படாத தாயி'ன்னு சொல்லிகினே வந்தாரு. எனக்குத் தெரியாதா?"

பயப்படாத தாயி என்று யாரும் சொல்லவில்லை, மகனே. மாமா அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல்தான் வந்தார். அது மேடைக்காக நான் எழுதிய வசனம். அந்த மணலி மேடையில் அவள் தலையாட்டியது பயத்தில். இப்போது பேசுவது பயத்தில் இல்லை. அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தது போலவே அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நான் மறுபடி சொல்ல ஆரம்பித்தபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். கோபமாக இல்லை, நிதானமாகத்தான் கேட்டாள்.

"நீ இப்ப எந்தக் கட்சில கீற?"

பொய்யை நான் சொன்னபோது கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னபோது எந்தக் கட்சி என்று கேட்கிறாள். அவள் மேல் தப்பே இல்லை. என்னைப் போன்றவர்கள் இத்தனை வருஷம் பேசிப் பேசி, ஒருவன் சும்மா உண்மையைச் சொல்ல வருவான் என்று யாரும் நம்பமுடியாதபடி ஆக்கி வைத்திருக்கிறோம். எழுந்து வந்துவிட்டேன். மாமாவிடம் போய், குழந்தை நன்றாக இருக்கிறது, கபடி விளையாடுகிறது என்று சொன்னேன். "கபடியா?" என்று கேட்டுச் சிரித்தார். ஐஸ் கம்பெனியில் அன்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். மற்றதைச் சொல்லவில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று உனக்கு எழுதவில்லை. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீ படித்து, உன் கெட்டிக்காரத்தனத்தில் வாங்கிய வேலை. ஆனால் நாளைக்கு உன் மேசைக்கு ஒரு படம் வரும். யாரோ ஒருவர் யாரையோ தூக்கிக்கொண்டு வரும் படமாக இருக்கலாம், யாரோ யாருக்கோ சோறு போடும் படமாக இருக்கலாம். முகத்தை மட்டும் மாற்றச் சொல்வார்கள், அல்லது பெயரை மட்டும். சின்ன வேலைதான், பத்து நிமிடம் ஆகாது. அப்போது அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார், அவருக்கு இதனால் என்ன போகிறது என்று ஒருமுறை கேட்டுப் பார். கேட்டால் உன்னை அங்கே எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று தெரியாது. அதை நீயே முடிவு செய்துகொள். உன்னை வேலைக்கு எடுத்த அந்த மூன்று பேரிடம் கதையில் இருந்தவர் யார் என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சவரி மாமாவுக்கு மட்டும் ஒரு போன் போடு. அவர் சொல்லாதே என்று சொன்னதை மீறித்தான் உனக்கு எழுதுகிறேன், அதையும் அவரிடம் சொல்.

இதை எழுதி முடித்துவிட்டு, தபாலில் போடும் முன் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்ட உட்கார்ந்தேன். ஒரு பக்கம்கூட முடியவில்லை, கையை நீட்டினாள். "நீ படிச்சா எல்லாமே நல்லாத்தான் கீது. குடு, நானே படிக்கிறேன்" என்றாள். ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, ரொம்ப நேரம் படித்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் அழுத்தி அடித்தாள். என்ன எழுதியிருந்தேன் என்று உன்னால் படிக்க முடியாது. இரண்டுமே நான் ரொம்ப அழகாக எழுதியிருந்த இடங்கள். திருப்பி எழுதாமல் அப்படியே அனுப்புகிறேன்.

உன் அப்பா